ஒரே ஒரு கல்லூரி உள்ள ஊர்

இந்த நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு விளம்பரம் செய்கிறார்கள். இருபது வருடமாகப் பார்த்தும் எனக்கு இது பழகவில்லை. வெரிபீயிலிருந்து மெல்பேர்ண் நகரத்துக்குப் போகும் காலை ரயிலில் நான் வழக்கமாக நிற்கும் கதவுக்கு மேலே ஒரு பெண்பிள்ளை பல் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர். போன மாதம் அதே சட்டத்துக்குள் பற்பசை விளம்பரம் இருந்தது, அந்தப் பிள்ளையும் இதே மாதிரித்தான் சிரித்தாள். இறங்கினால் ஸ்டேசன் சுவரில் இன்னொரு பல்கலைக்கழகம், வெளியே வந்தால் ட்ராமின் முதுகில் இன்னொன்று. வா, வா என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. நான் பிறந்த ஊரில் பல்கலைக்கழகம் யாரையும் கூப்பிட்டதில்லை. இத்தனை புள்ளி எடுத்தால்தான் உள்ளே என்று வெட்டுப்புள்ளி ஒன்றை அறிவித்துவிட்டு அது தன்பாட்டில் இருக்கும். நாங்கள்தான் அதன் வாசலைப் பார்த்துக்கொண்டு வயதைக் கழித்தோம்.

அந்த வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதினேன். எடுத்த புள்ளி யாழ்ப்பாணத்துக்குக் காணாது. அதே புள்ளியை மன்னாரிலோ முல்லைத்தீவிலோ இருந்து எடுத்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், செத்த வீட்டில் கதைக்கிற குரலில். ஒரு நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து எழுதாததுதான் என் பிழை. அன்றைக்கு என் மண்டைக்குள் ஏறியது இன்னும் இறங்கவில்லை: எங்கே நின்று கேட்கிறாய் என்பதுதான் முதல், என்ன கேட்கிறாய் என்பது பிறகு. இப்படிப்பட்ட எண்ணத்தோடு இருக்கிறவளால் ஒரு இடத்தில் இருக்க முடியுமா? மெல்பேர்ணைச் சுற்றி டண்டினோங், சண்ஷைன், வெரிபீ. வெரிபீக்குள்ளேயே இரண்டு வீடு. ஒவ்வொரு முறையும் மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் இடம் கிடைக்கும் என்று பார்த்து மாறினோம். என் கணவர் பொறுமைசாலி. கடைசி முறை மாறியபோது சில பெட்டிகளைப் பிரிக்காமலே கராஜில் அடுக்கினார். 'அடுத்த முறைக்கு வசதியா இருக்குமப்பா' என்றார். அவர் பகிடிக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மகள் நிவேதா போன நவம்பரில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். அதற்குச் சில மாதம் முன்பு ஒரு நாள் குசினியில் நின்று பாணுக்கு பட்டர் பூசியபடி, 'அம்மா, நான் யூ.எஸ். கொலேஜுகளுக்கும் அப்ளை பண்ணப் போறன்' என்றாள். நான் முடி வெட்டும் சலூனிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலேயே இத்தனை இருக்க, அமெரிக்கா எதற்கு? அங்கே முதல் இரண்டு வருடம் எதை வேண்டுமானாலும் படிக்கலாமாம். எதில் பட்டம் என்பதைப் பிறகு முடிவு செய்யலாமாம். 'அப்ப என்ன படிக்கப் போறாய்?' என்றேன். 'அதைக் கண்டுபிடிக்கத்தான் போறன்' என்றாள். பதினாறு வயதில் பயோவா மற்ஸா என்று சொல்லாத பிள்ளையைப் பற்றி ஊரே கவலைப்படும் சனத்திலிருந்து வந்தவள் நான். பாணை வாயில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இலங்கைக் கடைக்குப் போய் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி வந்தேன். தடித்த மட்டை போட்ட, ஊரில் ரியூசன் வாத்திமார் கக்கத்தில் வைத்திருக்கும் அதே கொப்பி. நிவேதா கல்லூரிகளைப் பார்த்தாள். நான் நகரங்களைப் பார்த்தேன். எந்த நகரத்தில் அதிகக் கல்லூரி இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. பக்கத்துக்கு ஒரு நகரமாகக் கோடு போட்டேன். நியூயோர்க், லொஸ் ஏஞ்சலஸ், சிக்காகோ, பிலடெல்பியா, பொஸ்ரன். ரயிலில் எண்ணினேன், சலூனில் ஆட்கள் இல்லாத நேரத்தில் எண்ணினேன். எண்ணிப் பார்த்தால்தான் அது எவ்வளவு சிக்கல் என்று தெரியும். ஒரு இணையத்தளம் சொல்வதை இன்னொன்று சொல்லாது. மொத்தமாகப் பார்த்தால் நியூயோர்க்கும் லொஸ் ஏஞ்சலஸும் முன்னுக்கு நிற்கும். சனத்தொகையோடு சேர்த்துப் பார்த்தால் பொஸ்ரன் ஓடி வந்துவிடும். பொஸ்ரனிலும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மட்டும் எண்ணுவதா, அந்தப் பக்கத்து ஊரையும் சேர்ப்பதா? ஒரே பல்கலைக்கழகத்தின் ஐந்து வளாகத்தை ஐந்தாக எண்ணுவதா? வேதாகமக் கல்லூரி ஒரு கல்லூரியா? ஒரு நாள் நிவேதா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

'அம்மா, இது பியூட்டி ஸ்கூல். இதில தலைமயிர் வெட்டத்தான் படிப்பிப்பினம். இதையெல்லாம் எண்ணாதேங்கோ.'

'எண்ணுவன்' என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போல. அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் ஏன் எண்ணினேன் என்பதை அவளுக்குச் சொல்வதற்கு முன் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் மெல்பேர்ணுக்குச் சமையல் டிப்ளோமா படிக்க வந்தவள். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு தனியார் கல்லூரி. நகரத்துக்குள் நூடில்ஸ் கடையொன்றுக்கு மேல் மூன்றாம் மாடியில் இருந்தது. ரயிலில் மூன்று மணித்தியாலம் தள்ளி, உட்பக்கத்து ஊரொன்றில் அதற்கு ஒரு கிளையும் இருந்தது. என்னோடு வந்த தர்சினி அந்தக் கிளைக்குப் போனாள். கொழும்பில் விசா வரிசையில் நின்றபோது பழக்கமானவர்கள் நாங்கள். அவளுக்கு அமைதி பிடிக்கும், எனக்குச் சனம் வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம். ஒரு திங்கட்கிழமை காலை நான் போனால் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கல்லூரி இனி இயங்காதாம். முதல் மாடிவரைக்கும் படிகளில் பிள்ளைகள் புத்தகப்பையோடு இருந்தார்கள். கீழே நூடில்ஸ் கடைக்காரர் வழக்கம்போலக் கடை திறந்துகொண்டிருந்தார்.

மாணவர் விசா கல்லூரியோடு ஒட்டியது. குறித்த நாட்களுக்குள் வேறொரு கல்லூரி எங்களை எடுக்கிறோம் என்று கடிதம் தர வேண்டும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரில் சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் போகும் தரைப்பாதை பூட்டியிருந்த வருடம் அது. நான் நடக்கத் தொடங்கினேன். ஸ்வான்ஸ்டன் தெரு, லொன்ஸ்டேல் தெரு, எலிசபெத் தெரு. ஒரு கட்டடத்தில் ஏறி இல்லை என்றதும் இறங்கி அடுத்த கட்டடம். கணக்கியல், ஆங்கிலம், மசாஜ், எது கிடைத்தாலும் சரி. எத்தனையாவது லிஃப்ட் என்று தெரியாது, ஒன்றின் கதவு திறந்தபோது வரிசையாகப் பொம்மைத் தலைகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் பொய்முடி. அங்கே இருந்த பெண் என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, புதன்கிழமை தொடங்கலாமா என்று கேட்டாள். உயிரியல் படித்து, சமையல் படிக்க வந்து, கடைசியில் முடி வெட்டப் படித்தேன். சிட்னியில் கிரவீனில் இருக்கும் என் அண்ணாவிடம் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், 'தங்கச்சி மெல்பேர்ண் சிட்டிக்குள்ள வேலை' என்று மட்டும் சொல்வார். கடல் கடந்து வந்தும் எங்கள் சாதிப் பெருமைக்கு என் கத்தரிக்கோல் இன்னும் கூசுகிறது. எனக்குக் கூசவில்லை. அந்தக் கத்தரிக்கோல் இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை.

தர்சினி இருந்த ஊரில் வேறு கல்லூரி இல்லை. அவள் ரயிலேறி மெல்பேர்ணுக்கு வந்தாள். நான் ஏறிய அதே கட்டடங்களுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குள் எங்களைப் போல எத்தனையோ பேர் ஏறி இறங்கிவிட்டார்கள், பொம்மைத் தலைகள் இருந்த இடத்திலும் இடமில்லை. அவள் திரும்பிப் போனாள். வவுனியா வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு டெலிபோன் எடுத்தாள். தாய் தகப்பன் கிளிநொச்சியில் இருந்தார்கள். எப்படியாவது அங்கே போய்விடுவேன் என்றாள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை வருடத்தில் தேடிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். தேடினால் என்ன தெரியவரும் என்று பயம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். ஒரு கல்லூரி மூடினால் அடுத்ததற்கு நடந்து போகக்கூடிய ஊரில் என் பிள்ளை இருக்க வேண்டும். கொப்பியில் நான் எண்ணியது இதைத்தான்.

இந்தப் பயத்தில் புத்தியும் கொஞ்சம் தடுமாறியது. நிவேதாவின் பள்ளிக்கூடத்தில் மேற்படிப்புக்கு ஆலோசனை சொல்லும் ஆசிரியையைப் பார்க்கப் போனபோது கொப்பியையும் கொண்டுபோனேன். பொஸ்ரனுக்கு என்ன வெட்டுப்புள்ளி, சிக்காகோவுக்கு என்ன வெட்டுப்புள்ளி என்று கேட்டேன். நகரத்துக்கு நகரம் அப்படி இல்லையே என்றார் அவர். நான் விடவில்லை. பொஸ்ரனில் கல்லூரி கூடுதல், பிள்ளைகளும் கூடுதல். வேறு மாநிலத்தில் வீடு எடுத்து அங்கிருந்து விண்ணப்பித்தால் புள்ளி குறையுமா? அந்த மனுசி கண்ணாடியைக் கழற்றினார். 'நீங்கள் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயரப் போகிறீர்களா? மிகவும் சந்தோசம்' என்றார். நிவேதா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். காருக்குள் ஏறியதும், 'அம்மா, இது ஸ்ரீலங்கா இல்லை' என்றாள். தெரியும் பிள்ளை, எனக்குத் தெரியும். கால் இங்கே நின்றாலும் கணக்கு அங்கேதான் ஓடுகிறது.

மார்ச் கடைசியில் பதில்கள் வந்தன. பொஸ்ரனில் கேட்ட இரண்டும் இல்லை என்றன. நியூயோர்க்கும் இல்லை. சிக்காகோவில் ஒன்று காத்திருக்கும் பட்டியலில் போட்டது. ஓம் என்று சொன்னது ஒன்றே ஒன்று. அயோவா மாநிலத்தில், சோளக் காட்டுக்கு நடுவில், என் கொப்பியில் பக்கமே இல்லாத ஒரு சிற்றூர். செலவையும் தாங்களே பொறுப்பதாக எழுதியிருந்தார்கள். நிவேதா வீடு முழுக்கத் துள்ளினாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தெரு, ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு கல்லூரி. சிக்காகோ பதில் வரும்வரை பொறுப்போம் என்றேன். பொறுக்க முடியாது, மே மாதம் முதலாம் திகதிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றாள். அந்தக் கிழமை முழுதும் நான் வீட்டுக்குள் நடந்து திரிந்தேன். குசினியிலிருந்து கராஜ், கராஜிலிருந்து குசினி. இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. இவள் போய்விட்டால் வெரிபீயில் எங்களுக்கு என்ன வேலை என்று, கணவருக்குத் தெரியாமல் போனில், அண்ணா இருக்கும் கிரவீன் பக்கத்து வீடுகளைப் பார்த்து வந்தேன். ஒரு வீட்டுக்காரருக்கு ஈமெயிலும் போட்டிருந்தேன்.

கல்லூரியிலிருந்து பெற்றோரோடு வீடியோவில் கதைக்க நேரம் தந்தார்கள். எங்களுக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்கு முந்தின நாள் பின்னேரம். திரையில் வந்த கல்லூரி அலுவலருக்கு நல்ல சிரித்த முகம், நரைத்த தலை. நெற்றியில் விழும் மயிரை யாரோ அவசரத்தில் கோணலாக வெட்டியிருந்தார்கள். எல்லாம் சொல்லி முடித்து, ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த என் கணவர், வேண்டாம் என்பதுபோல என் கையை மெல்லத் தட்டினார். நான் கேட்டுவிட்டேன்.

'உங்கள் ஊரில் வேறு எத்தனை கல்லூரி இருக்கிறது?'

'ஒன்றுகூட இல்லை!' என்றார் அவர், பரிசு கொடுப்பவர் போல. 'நாங்கள் மட்டும்தான். கவனத்தைக் குலைக்க ஒன்றுமே கிடையாது. மிகவும் அமைதியான ஊர், உங்கள் மகள் பத்திரமாக இருப்பாள்.'

அமைதிதான் தர்சினிக்கும் பிடித்திருந்தது. நன்றி சொன்னேன். படம் அணைந்ததும் நிவேதா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள்.

'ஏனம்மா எல்லாரிட்டயும் இதையே கேக்கிறீங்கள்? எத்தனை, எத்தனை, எத்தனை. எனக்கு ஒண்டு காணும்.'

அப்போதுதான் சொன்னேன். தாள் ஒட்டிய கதவு, லிஃப்டுகள், பொம்மைத் தலைகள், தர்சினி. இவருக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நிவேதா முதலில் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி. 'அப்ப உங்களுக்கு ஹெயர்டிரெசிங் விருப்பம் எண்டு சொன்னது பொய்யா?' பொய்தான். அம்மா விரும்பித் தேர்ந்தெடுத்த தொழில் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருந்தேன். பிள்ளைக்கு முன்னால் தலை குனியக்கூடாது என்று சொன்னது. 'பிறகு விருப்பம் வந்திட்டுது' என்றேன். அதுவும் உண்மைதான்.

தள்ளிவிட்ட கதிரையை அவள் திரும்ப இழுத்தாள். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

'மூடினா நான் வீட்டை வருவன்' என்றாள்.

'என்ன?'

'அந்த கொலேஜை மூடினா, பிளேன் எடுத்து வீட்டை வருவன் அம்மா. தட்ஸ் இட். இஞ்ச வேற எங்கயாவது படிப்பன். நீங்கள் இஞ்ச இருப்பீங்கள்தானே.'

எனக்கு முதலில் கோபம் வந்தது. நான் தூக்கிச் சுமந்ததை இவள் எவ்வளவு லேசாகக் கீழே வைக்கிறாள்! பிறகு பொறாமை வந்தது. பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள், பட்டேன். திரும்பிப் போவது என்பதை நான் அழிவாகத்தான் அறிந்திருக்கிறேன். தர்சினி திரும்பிப் போனாள், அதோடு அவள் குரல் நின்றது. நான் திரும்பிப் போகக்கூடாது என்பதற்காகவே ஒரு தொழிலைக் கற்று, ஒரு நாட்டைக் கற்று, நாலு வீடு மாறினேன். என் மகளுக்குத் திரும்பி வருவது ஒரு விமான டிக்கெட், விமான நிலையத்தில் அப்பாவின் கார், குசினியில் பாண். எங்களுக்கு இல்லாத ஒன்று அவளுக்கு இருக்கிறது. அதை நாங்களே உண்டாக்கியிருக்கிறோம் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அழுகையும் வந்தது, கடைசியாக. இவர் தேத்தண்ணி போட எழும்பினார்.

இரண்டு நாள் கழித்து அவள் அயோவாவுக்கு ஓம் என்று பதில் அனுப்பினாள். கிரவீன் வீட்டுக்காரருக்கு நான் வேண்டாம் என்று எழுதினேன். அந்தச் செய்தியை அண்ணாவுக்குச் சொல்லவில்லை, அயோவாவை மட்டும் சொன்னேன். அண்ணாவுக்கும் எனக்கும் வழக்கமாகச் சிட்னியில்தான் நல்ல யூனிவர்சிட்டி, மெல்பேர்ணில்தான் நல்ல யூனிவர்சிட்டி என்று ஒரு செல்லச் சண்டை நடக்கும். அன்றைக்கு அவர் அதற்குக்கூட வரவில்லை.

'உனக்கென்ன விசரே? ஒரே ஒரு கொலேஜ் இருக்கிற ஊரும் ஒரு ஊரே? பிள்ளையைக் கொண்டுபோய் அங்க விடப்போறியோ?'

'யாழ்ப்பாணத்தில எத்தனை யூனிவர்சிட்டி இருந்தது அண்ணா, நாங்கள் படிக்கேக்க?'

'ஒண்டுதான்' என்றார். அந்த ஒன்றுக்குள் போகத்தான் அவரும் இரண்டு தரம் பரீட்சை எழுதியவர். 'சரி, குளிருக்கு நல்ல ஜக்கெட் வாங்கிக் குடு' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போன சனிக்கிழமை பின்னேரம் கல்லூரி அனுப்பிய படிவங்களை அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். நிவேதாவுக்குப் பதினெட்டு ஆக இன்னும் சில கிழமைகள் இருப்பதால் நானும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் மளமளவென்று நிரப்பிக்கொண்டு போனாள். நிரந்தர முகவரி என்ற பெட்டி வந்தபோது, தலை நிமிராமல் வெரிபீ வீட்டு இலக்கத்தையும் தெருவையும் எழுதி, அடுத்த கேள்விக்குப் போனாள். நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் நான் நிரப்பிய முதல் படிவத்தில் அந்த இடத்தில் யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வீடு இருந்த ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின், பெயரை எழுதினேன். அந்த வீட்டில் இப்போது எங்களுக்குத் தெரியாத ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் எந்தப் படிவத்திலும் அந்தச் சொல்லைக் கண்டால் கையில் முதலில் வருவது அந்த ஒழுங்கைதான். ஒரு கணம் நின்று, அதை விழுங்கிவிட்டு, மற்றதை எழுதுவேன்.

பெற்றோர் பகுதியிலும் அதே பெட்டி இருந்தது. வேறாக இருந்தால் மட்டும் நிரப்பவும் என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்.

'அதை விடுங்கோ அம்மா, சேம்தானே' என்று சொல்லி, கீழே கையெழுத்துக் கோட்டை விரலால் காட்டினாள்.

'ஓம், சேம்தான்' என்றேன்.

பேனை பெட்டிக்கு மேலேயே நின்றது. நிவேதாவின் விரல் கோட்டின் மேல் காத்திருந்தது. 'அம்மா' என்று அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள்.